மூட்டு எப்போது வலிக்கிறது என்று சொல்லுங்கள் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மூட்டு வலி குறித்த கேள்விகளை அனுப்பும்படி கேட்டிருந்தோம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்துள்ளன. எங்கே வலிக்கிறது என்பதை ஏறக்குறைய எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எந்த வேளையில் வலிக்கிறது, காலையில் எழுந்தபின் மூட்டு இளகுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, ஓய்வெடுத்தால் குறைகிறதா கூடுகிறதா என்பதைச் சிலரே எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிலரின் கடிதங்களைப் படிக்கும்போதே நோய் இன்னதாக இருக்கலாம் என்று பாதி விளங்கிவிட்டது. ஆகவே அத்தகைய கடிதங்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்து, சுருக்கி, பெயர்களைத் தவிர்த்து இங்கே தருகிறோம்.

எனக்கு வயது 52. முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்கு இருபது வருடமாகப் போகிறேன். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது இரண்டு முட்டியிலும் உயிர் போகிற வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத் ‘தேய்மானம்’ என்றார்கள். எதுதான் தேய்கிறது, எலும்பா, ஜவ்வா? கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் தேய்ந்தது வளர்ந்துவிடுமா?
– வாசகி, பண்ருட்டி

எது தேய்கிறது என்று கேட்டீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் வைத்தேன். அதைக் கேட்காமலேயே ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள் ஏராளம்.

அடுத்த முறை சூப்புக்கு வாங்கிய ஆட்டெலும்பைக் கழுவும்போது, மூட்டுப் பக்கத்து முனையைச் சற்று உற்றுப் பாருங்கள். எலும்பின் மற்றப் பகுதி மங்கலாக இருக்க, அந்த முனை மட்டும் இலேசான நீலம் கலந்த வெண்மையில் பீங்கான்போலப் பளபளக்கும். விரலால் தடவினால் வழுக்கும். நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்கி மீண்டு வரும். அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலில் தொடை எலும்பின் அடிமுனையையும், கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும், முன்னால் இருக்கும் சில்லின் பின்புறத்தையும் இந்தக் குருத்தெலும்பு ஒரு பூச்சுப்போல மூடியிருக்கிறது. அதன் கனம் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய பூச்சின்மேல், சமதரையில் சாதாரணமாக நடக்கும்போதே, நம் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் ஒவ்வோர் அடியிலும் இறங்குகிறது. படியேறும்போதும், குத்துக்காலிட்டு எழும்போதும் அது இன்னும் கூடுகிறது.

நம் ஊரில் ‘ஜவ்வு’ என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு பொருள்களுக்குச் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எலும்பு முனையைப் பூசியிருக்கும் இந்தக் குருத்தெலும்பையும் ஜவ்வு என்கிறோம். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை நிலா வடிவில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருக்கும் இரண்டு மெத்தைகளையும் ஜவ்வு என்கிறோம். ஓர் எலும்பை இன்னோர் எலும்போடு இழுத்துக் கட்டி, முழங்கால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விலகாமல் பிடித்துவைத்திருக்கும் நார்ப் பட்டைகளுக்கும் அதே பெயர்தான். கபடி ஆடும் பையனுக்குக் கால் திருகிக் ‘ஜவ்வு கிழிந்தது’ என்றால் பெரும்பாலும் அது நார்ப் பட்டையோ பிறை மெத்தையோ ஆகும். உங்களுக்குத் ‘ஜவ்வு தேய்ந்தது’ என்றால் அது குருத்தெலும்பு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே பக்கத்து வீட்டுப் பையனுக்குச் செய்த அறுவைச் சிகிச்சை உங்களுக்கும் வேண்டுமோ என்று கலங்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அதன் உட்பக்கத் தோல் சுரக்கும் நீர், முட்டையின் வெள்ளைக்கருவைப்போலக் கொழகொழப்பாக, நல்ல முழங்காலில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே இருக்கும். குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாயே கிடையாது. கால் ஊன்றும்போது அது பஞ்சுபோல அமுங்கி, காலை எடுக்கும்போது விரிந்து, இந்த நீரை உறிஞ்சித்தான் உணவைப் பெறுகிறது. அதற்குள் நரம்பும் கிடையாது. எனவே அது தேயத் தொடங்கும்போது நமக்குத் தெரிவதே இல்லை. அடியிலுள்ள எலும்பின்மேல் அழுத்தம் கூடி, ஓரங்களில் எலும்பு முள்போலத் துருத்தி, உறை இழுபட்டு, உள்தோல் அழன்று நீர் கோத்த பிறகே வலிக்கிறது. எக்ஸ்ரேயில் பெரிய தேய்மானம் தெரிந்தும் வலியில்லாமல் நடமாடுகிறவர்களும், சிறிய தேய்மானத்தோடு படாத பாடு படுகிறவர்களும் இருப்பது இதனால்தான். படத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை என்று என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கால்சியம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். கால்சியம் எலும்பின் உறுதிக்கு வேண்டியது. அது குறைந்து எலும்பு மெலிவது வேறொரு நோய். அது பெரும்பாலும் முறிவு ஏற்படும்வரை வலியே தராது. தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கால்சியம் மாத்திரையும் வளர்த்துத் தராது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குக் கால்சியம் தேவைதான், அதை மறுக்கவில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, அதை உணவிலேயே பெறலாம்.

உங்கள் முட்டிக்கு உடனடியாக நன்மை தருவது தரையை விட்டு மேலே வருவதுதான். ஓர் அடி உயரமுள்ள மணைப்பலகையோ முக்காலியோ போட்டு, கொட்டையும் கருவியும் அதே உயரத்துக்கு வரும்படி வைத்துக்கொள்ள முடியுமா என்று வேலையிடத்தில் கேளுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு உட்காருங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், உங்களோடு வேலை செய்யும் மற்றப் பெண்களுக்கும் அதனால் பயன் உண்டு.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 66. முட்டித் தேய்மானம் உண்டு. தினமும் கடற்கரைச் சாலையில் நடப்பேன். ‘நடந்தால் மிச்சமிருப்பதும் தேய்ந்துவிடும், உட்காருங்கள்’ என்று மருமகன் தடுக்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மருமகன் அக்கறையில் சொல்கிறார். ஆனாலும் நீங்கள் செய்வதே சரி. குருத்தெலும்பு அமுங்கி விரிந்துதான் உணவு பெறுகிறது என்று மேலே எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஓய்விலேயே வைத்த முழங்காலில் தொடையின் முன்தசை சில வாரங்களிலேயே இளைத்துவிடும். அந்தத் தசைதான் ஒவ்வோர் அடியிலும் அதிர்ச்சியைத் தான் ஏற்று மூட்டைக் காக்கிறது. தசை இளைத்தால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் உட்காருவோம்; இப்படியே நடை நின்றுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடற்கரைச் சாலை நல்ல தேர்வு. சமதளம், இரவிலிருந்து காலைவரை வாகனமும் இல்லை, களைத்தால் உட்கார இடமும் உண்டு. காந்தி சிலையிலிருந்து ஒரு முனைவரை போய்த் திரும்பி, சற்று அமர்ந்து, மறுமுனைக்குப் போய் வாருங்கள். ஒரே மூச்சில் முழுத் தொலைவையும் முடிக்க வேண்டியதில்லை. நடக்கும்போது இலேசாக வலிப்பதில் தவறில்லை. நடந்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும், அல்லது மறுநாள் காலையிலும், வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் தொலைவைச் சற்றுக் குறையுங்கள். மென்மையான அடியுள்ள காலணி வேண்டும். கைத்தடி பிடிப்பதாக இருந்தால், வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கும் பக்கத்திலேயே பிடித்து அதன் பயனை இழக்கிறார்கள்.

நடையோடு ஒரு பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை மெதுவாக நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, மனத்துக்குள் பத்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதற்கு ஈடான மருந்து இல்லை: உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்துவிட்டு வந்து, “டாக்டர், யாரோ முட்டியிலிருந்து மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது” என்று ஓர் அம்மா சொன்னது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

வயது 34. இரண்டாவது குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. நான்கு மாதமாகக் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. துணி பிழிய முடியாது. பத்து மணிக்கு மேல்தான் கை இளகுகிறது. இரு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியுள்ளன. ‘பிள்ளை பெற்ற உடம்பு, பச்சைத் தண்ணீரில் கை வைத்ததால் வாதம் ஏறிவிட்டது’ என்கிறார் மாமியார்.
– வாசகி, வில்லியனூர்

அம்மா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உங்கள் கடிதத்தில் நான்கு செய்திகள் என்னைக் கவலைகொள்ள வைத்தன. விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கிறது. சிறிய மூட்டுகளைத் தாக்கியிருக்கிறது. இரு கைகளிலும் ஒன்றுபோல் இருக்கிறது. ஆறு வாரங்களைக் கடந்து நான்கு மாதமாகத் தொடர்கிறது. தேய்மானத்தில் காலை விறைப்பு அரை மணிக்குள் தளர்ந்துவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும், ஓய்வில் குறையும். உங்களுக்கு அதற்கு நேர்மாறாக ஓய்வுக்குப்பின் கூடி, அசைய அசையக் குறைகிறது. இதுவே முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் சொல்லப்படும் நோயின் போக்கு.

இந்த நோயில் குருத்தெலும்பு தானாகத் தேய்வதில்லை. நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே திசைமாறி, மூட்டு உறையின் உள்தோலைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. அந்த மெல்லிய தோல் தடித்து, வீங்கி, அருகிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து உள்ளே பரவுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. கருவுற்றிருக்கும்போது அடங்கியிருந்து, பிரசவத்துக்குப் பின் தலைகாட்டுவதும் உண்டு. உங்கள் மாமியார் பிரசவத்தோடு இதைத் தொடர்புபடுத்தியதில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பச்சைத் தண்ணீர் குற்றவாளி அல்ல.

அழற்சியை அளக்கும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ஆகிய இரத்தப் பரிசோதனைகளோடு இந்நோயில் இரத்தத்தில் காணப்படும் எதிர்ப்பொருள்களான ஆர்ஏ காரணி, ஆன்ட்டி சிசிபி ஆகியவற்றையும் பார்ப்பார்கள். ஆர்ஏ காரணி இருந்தாலே நோய் என்றோ, இல்லாவிட்டால் நோயில்லை என்றோ முடிவு கட்டிவிட முடியாது. நோயில்லாதவர் சிலருக்கும் அது இருக்கும், நோயுள்ள சிலருக்கு இல்லாமலும் இருக்கும். மருத்துவர் உங்கள் விரல் கணுக்களைத் தொட்டுப் பார்ப்பதற்கே முதலிடம். புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் இத்தகைய நோய்களுக்கென்றே தனித் துறை இருப்பது உங்களுக்கு வாய்ப்பு. வில்லியனூரிலிருந்து அதிகத் தொலைவும் இல்லை.

மருந்தைப் பற்றி ஒரு செய்தியை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்நோய்க்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும். தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் வாய்ப் புண்ணில் தொடங்கி, இரத்த அணுக்கள் வற்றி, உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்று முடிவுசெய்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள்; வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். அதனுடன் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை விட்டுவிட வேண்டாம். குழந்தைக்குப் பால் கொடுப்பதையும், அடுத்த குழந்தைக்குத் திட்டம் உண்டா என்பதையும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப வேறு மருந்துகள் உள்ளன. மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள்வரை ஆகும். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சை ஆரம்பித்தவர்களில் பலர் விரல் கோணாமல், வேலை கெடாமல் வாழ்கிறார்கள். நீங்கள் இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறீர்கள்.

முடக்கத்தான் தோசை சாப்பிட்டால் மூட்டு வலி போகுமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

சுவையான கீரை, சாப்பிடுங்கள். மேலே சொன்ன முடக்குவாதத்துக்கு மருந்துக்குப் பதிலாக அதை நம்பி மாதங்களைக் கழிக்க மட்டும் வேண்டாம்.

ஒன்பது வயது மகன் விளையாடும்போது விழுந்தான். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல். ஒரு முழங்கால் மட்டும் சிவந்து சுடுகிறது. தொடவே விடமாட்டேன் என்கிறான், காலை ஊன்றவும் இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவி விடச் சொல்கிறார்கள்.
– ஒரு தந்தை, செம்மண்டலம், கடலூர்

இக்கடிதம் கிடைத்த அன்றே இவரைத் தொலைபேசியில் அழைத்து, பையனை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லிவிட்டோம். மற்றப் பெற்றோருக்காகவே இங்கே அச்சிடுகிறோம்.

ஒரே மூட்டு, திடீர் வீக்கம், சூடு, அசைக்கவே முடியாத வலி, கூடவே காய்ச்சல் என்றால், அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம் என்றே முதலில் கருத வேண்டும். இரத்தத்தின் வழியாகக் கிருமி மூட்டுக்குள் இறங்கிவிட்டால், சீழிலுள்ள நொதிகள் குருத்தெலும்பைச் சில நாட்களிலேயே கரைத்துவிடும். கரைந்தது மீண்டும் வளராது. ஊசியால் மூட்டு நீரை எடுத்துச் சோதித்து, சீழை வெளியேற்றிக் கழுவி, இரத்தக் குழாய் வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஏற்ற வேண்டும். இது காலை வரை காத்திருக்கும் விஷயம் அல்ல. உருவி விடுவதும் ஒத்தடம் கொடுப்பதும் அங்கே நேரத்தைத்தான் கொன்றுவிடும். எண்ணெய்க் கட்டோடு ஐந்தாம் நாள் தூக்கி வரப்பட்ட ஒரு குழந்தை, வளர்ந்த பின்னும் மடங்காத முழங்காலோடு நடப்பதைக் கண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கும், மூட்டில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும்.

வயது 45, விசைப்படகில் தொழில். நடு இரவில் வலது காலின் கட்டை விரல் அடிக்கணு நெருப்பு வைத்தாற்போல் எரிந்து வீங்கியது; போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. ஆறு நாளில் தானாகவே சரியாகிவிட்டது. இது மூன்றாவது முறை. யூரிக் அமிலம் பார்த்தபோது சரியாக இருந்ததாம்.
– வாசகர், கடலூர் முதுநகர்

நீங்கள் எழுதியிருப்பது கவுட் என்னும் நோயின் வருணனையேதான். இரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமுக்கு மேல் போகும்போது, கரையாமல் ஊசிபோன்ற படிகங்களாக மூட்டில் படியத் தொடங்குகிறது. உப்பளத்துப் பாத்தியில் நீர் சுண்டும்போது உப்பு படிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அப்படித்தான். உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ச்சியான இடம் என்பதால் கால் விரலில் முதலில் படிகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது இரத்தத்தில் அளவு சரியாகத் தெரிவது உண்டு. வலி முற்றிலும் தணிந்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள்.

மது, குறிப்பாக பீர், இதை நன்றாகவே தூண்டும். ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்புகளும், நெத்திலி, மத்தி, இறால் போன்றவையும், சர்க்கரைப் பானங்களும் தூண்டும். கடல்மேல் போகிறவரிடம் மீனே தின்னாதே என்று சொல்ல மாட்டேன். இவற்றைக் குறைத்து, மற்ற மீன்களை அளவோடு உண்ணுங்கள். பருப்பையும் கீரையையும் நிறுத்தத் தேவையில்லை. படகில் இருக்கும் நாட்களில் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் ஒரு காரணம். குடத்தை நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரை உட்கொள்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். ஆனால் நீங்களாக அதை நிறுத்தக் கூடாது.

மூன்று முறை வந்துவிட்டதால் உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது. யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே வைத்திருக்கும் மாத்திரையைப் பல ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும். தொடங்கிய முதல் சில மாதங்களில் பழைய படிகம் கரைவதால் வலி ஓரிரு முறை வரலாம். அதைக் கண்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். உடலில் தடிப்போ அரிப்போ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் நான்கே நாளில் போய்விட்டது. கணுக்கால், மணிக்கட்டு வலி இன்னும் போகவில்லை.
– வாசகி, பாகூர்

சிக்குன்குனியா என்ற பெயரே, கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழியில், வலியால் உடல் வளைந்து போவதைக் குறிப்பதாகும். 1952-இல் இன்றைய தான்சானியாவில் முதன்முதலாக இந்நோய் அடையாளம் காணப்பட்டது. இந்தியாவில் 1963-இல் கொல்கத்தாவில் காணப்பட்டு, பிறகு பல ஆண்டுகள் ஓய்ந்திருந்து, 2005, 2006 ஆண்டுகளில் தென்னிந்தியாவெங்கும் பரவியது. ஊர் ஊராக மக்கள் குனிந்து தடியூன்றி நடந்த அந்த மாதங்களை நம் பகுதியினர் மறந்திருக்க முடியாது. வைரஸ் போன பின்னும் மூட்டு உறையில் அழற்சி தங்கிவிடுவதால், சிலருக்கு மாதக்கணக்கில் வலி நீடிக்கிறது. பெரும்பாலோருக்குச் சிறுகச் சிறுகக் குறைந்துவிடும். நீங்கள் மூன்று மாதத்தைத் தொட்டுவிட்டதால், காலை விறைப்பும் வீக்கமும் இருந்தால் முடக்குவாதம் உண்டா என்று ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. வீட்டுத் தொட்டியை மூடி வையுங்கள். இன்னொன்று, வீட்டில் வேறு யாருக்கேனும் இதுபோன்ற காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். இரத்தக் கசிவுக்கு அது இடம் கொடுக்கும்.

சர்க்கரை நோய் 12 ஆண்டுகளாக உள்ளது. இடது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டை போட மனைவி உதவ வேண்டியிருக்கிறது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது.
– வாசகர், நெய்வேலி

தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கும் ‘உறைந்த தோள்’ சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள்: உங்கள் கையை நீங்கள் தளர்த்திவிட, மனைவி அதை மெதுவாகத் தூக்கட்டும். அவர் தூக்கும்போது எளிதாக மேலே போனால் கோளாறு தசைநாணில் இருக்கலாம். அவர் தூக்கினாலும் அதே இடத்தில் கதவு தாழிட்டதுபோல் நின்றுவிட்டால் உறைந்த தோளாக இருக்கலாம். முதலில் வலி மிகுந்து, பிறகு வலி குறைந்து இறுக்கம் மிகுந்து, கடைசியில் தானே தளரும். ஓராண்டிலிருந்து மூன்றாண்டுவரை ஆகலாம். சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள், வலுக்கட்டாயமாக முறுக்க வேண்டாம். தோளில் ஊசி போட்டால் சில நாட்கள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே அளவு பாருங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ மூச்சுத் திணறலோ வந்தால், அது தோளின் வலி அல்ல, இதயத்தின் வலி என்றே எண்ணி விரையுங்கள்.

விரலைச் சொடுக்கினால் பிற்காலத்தில் மூட்டுவாதம் வருமா?
– கல்லூரி மாணவர், சிதம்பரம்

வராது. மூட்டை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, நீரில் வாயுக் குமிழி உருவாவதால் எழும் ஓசை அது.

அம்மாவுக்கு வயது 68, முட்டி வலி. ஊருக்கு வந்த ஒருவரிடம் வேர்ப் பொடி வாங்கினோம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. ஓடியாடி வேலை செய்கிறார். ஏழு மாதமாகச் சாப்பிடுகிறார். இப்போது முகம் உப்பியிருக்கிறது, கால் தோலில் பட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறது, புதிதாகச் சர்க்கரையும் வந்திருக்கிறது. நிறுத்திவிடலாமா?
– ஒரு மகள், விருத்தாசலம்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் பதைத்தது. உடனே நிறுத்திவிட வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

முன்பின் தெரியாத பொடி மூன்றே நாளில் தேய்மான வலியை முற்றிலும் போக்கினால், அதில் அழற்சியை விரைவாக அடக்கும் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்திருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். உப்பிய முகம், மெலிந்து கன்றும் தோல், புதிதாக வந்த சர்க்கரை ஆகிய மூன்றும் அந்த ஐயத்தை வலுப்படுத்துகின்றன. மருத்துவர் கையில் ஸ்டீராய்டு நல்ல மருந்து. முடக்குவாதத்தில் நாங்களே குறுகிய காலத்துக்கு அளந்து தருகிறோம். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே போனால் அது எலும்பை உளுக்க வைக்கும், கிருமித் தொற்றுக்கு வழிவிடும். அதைவிட முக்கியமானது இது: சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் தினமும் சுரக்கும் இயற்கையான ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்து உறங்கிவிடுகின்றன. இந்த நிலையில் பொடியைத் திடீரென்று நிறுத்தினால், வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர்தான் அதற்கு ஈடான அளவைக் கணக்கிட்டு, வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்த வேண்டும்.

அம்மாவைத் திட்ட வேண்டாம். வலி தாங்காமல், யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதென்று எண்ணித்தான் பெரும்பாலான தாய்மார்கள் இப்படிப்பட்ட பொட்டலத்தை வாங்குகிறார்கள். நாளைக் காலையே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மீதமுள்ள பொட்டலத்தையும், எத்தனை மாதமாக, ஒரு நாளைக்கு எத்தனை சிட்டிகை என்று எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வழியில் வாந்தியோ தலைச்சுற்றலோ வந்தால் வெளிநோயாளிகள் வரிசையில் நிற்காமல், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “இவர் ஏழு மாதமாக ஸ்டீராய்டு கலந்த பொடி சாப்பிட்டிருக்கலாம்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.